கறுத்த கப்பித்தான்

எங்கள் துறைமுகத்தடியில் கப்பித்தானைவிடப் பெரிய பறங்கி எவரும் இருந்ததில்லை. அவரைவிடக் கறுப்பானவரும் இருந்ததில்லை. கப்பல் தலைவன் என்பது பட்டப்பெயரில் மட்டுந்தான்; தோணி எஞ்சின் திருத்துவதுதான் தொழில். ஆனால், தன் முப்பாட்டன் போர்த்துக்கேயக் கப்பலில் வந்திறங்கியதைத் தானே கையைப் பிடித்து இறக்கியதுபோலச் சொல்லுவார்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டையைத் தன் சொந்தக் காணி என்றே நினைத்தார். உள்ளே யாராவது குப்பை போட்டால் போச்சு. "எங்கட பாட்டன் கட்டின கோட்டையடா, பொறுக்கு!" என்பார். வாசலில் நிற்கும் ஆமிக்காரனிடமும், "எங்கட வளவை வடிவாப் பாருங்கோ" என்று பொறுப்புக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

ஒருமுறை கொழும்பிலிருந்து சரித்திர நாடகம் எடுக்க டிவிக்காரர் வந்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி வேடத்துக்கு ஆள் தேவை என்றதும் கப்பித்தான் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ஓடினார். அதற்கு முதலே அவுஸ்திரேலியாவிலிருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டு, "எங்கட பாட்டனா நடிக்கப் போறன், பிள்ளை" என்று சொல்லியுமாயிற்று.

டைரக்டர் சின்னப் பொடியன். இவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ஐயா, போர்த்துக்கேயன் வெள்ளையா இருக்கோணும்."

"தம்பி, இந்த ஊரில போர்த்துக்கேயர் எண்டு இருக்கிறதே நாங்கள் நாலைஞ்சு குடும்பந்தான்."

"ஓம் ஐயா, ஆனா பாக்கிற சனம் நம்பாது."

உப்புவெளிக் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ரஷ்யாக்காரன் ஒருவன் தளபதியானான். அவித்த இறால் மாதிரிச் சிவந்திருந்த அவனுக்குப் பவுடர் அப்பி வெள்ளையாக்கினார்கள். கப்பித்தானுக்குக் கிடைத்தது, அந்தத் தளபதியின் வாளால் வெட்டுப்பட்டுச் சாகும் தமிழ்ப் படைவீரன் வேடம்.

ரஷ்யாக்காரன் வெட்டினான். கப்பித்தான் விழவில்லை. திரும்பவும் வெட்டினான். இவர் தூண் மாதிரி நின்றார்.

"விழுங்கோ ஐயா!"

"ஏலாது. என்ர ஆக்கள் என்னை ஏன் வெட்டப் போயினம்?"

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டான். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கப்பித்தானுக்கே பாவமாய்ப் போயிற்று.

"சரி, விழுறன். ஆனா சாகேக்க எங்கட பாஷையிலதான் கத்துவன்."

"எந்தப் பாஷையிலயெண்டாலும் கத்துங்கோ, விழுந்தாக் காணும்!"

நாடகம் டிவியில் வந்த அன்று தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் கூடியிருந்தோம். தளபதிக்கு வேறு யாரோ குரல் கொடுத்து, அவன் சுத்தச் செந்தமிழில் கர்ச்சித்தான். பிறகு எங்கள் ஆள் வெட்டுப்பட்டார். தாயைக் கூப்பிட்டு, வீட்டில் கதைக்கும் போர்த்துக்கேயத்தில் அலறிக்கொண்டு சாய்ந்தார். நாடகம் முழுக்கத் தேடினாலும் போர்த்துக்கேயம் கதைத்தது அந்தத் தமிழ் வீரன் மட்டுந்தான். கடையே விழுந்து விழுந்து சிரித்தது.

கப்பித்தான் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "எப்பிடி இருந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

"அசல் போர்த்துக்கேயன் மாதிரியே செத்தீங்கள், கப்பித்தான்."

பகிடிக்குச் சொல்லவில்லை, அது அவருக்கும் விளங்கியது. என் கையைப் பிடித்தவர் கனநேரம் விடவில்லை. நானும் இழுக்கவில்லை. அந்த மனுசனில் எனக்கு அவ்வளவு விருப்பம்.