கேரண்டி பாய் கட்டிய கம்ப்யூட்டர்

தான் சொன்னது தப்பு என்று வாழ்நாளில் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அதைவிட ஆச்சரியம், அவர் சொன்னது ஒருமுறைகூடச் சரியாக இருந்ததும் இல்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எங்கள் மலையில் யாருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் கடைசியில் 'கேரண்டி' என்று முத்திரை குத்துவார். அதனால் கேரண்டி பாய். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் அவருக்கு மிளகு மண்டி இருந்தது. எங்கள் அப்பா உட்பட மலை விவசாயிகள் பலரும் அவரிடம்தான் மிளகு போடுவார்கள். வியாபாரத்தில் தங்கமான மனுஷர். தராசு முள் ஒரு இழை சாயாது.

ஆனால் மிளகு நிறுப்பது அவருக்கு வயிற்றுப்பாடு மட்டும்தான். உயிர் இருந்தது ஸ்க்ரூடிரைவரில். மூட்டை இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் ரேடியோ, மிக்ஸி, டார்ச் லைட் என்று எதைக் கொண்டுபோனாலும் கழற்றிவிடுவார். அவர் பழுது பார்த்த எங்கள் மாமா வீட்டு மிக்ஸி, மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சட்னியைச் சுவரில் அரைத்தது. மாமா மிக்ஸியோடு சண்டைக்குப் போனார். பாய் அசரவில்லை.

"மோட்டார் எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குது பாருங்க! ஊடு இடிஞ்சாலும் இது நிக்காது. கேரண்டி."

அப்பாவின் ரேடியோ அவரிடம் போய்வந்த பிறகு ஒரே ஒரு ஸ்டேஷனைத்தான் பிடித்தது. அது என்ன பாஷை என்று இந்த மலையில் யாருக்கும் தெரியாது. "பாரின் ஸ்டேஷனே எடுக்குது. உள்ளூர் ஸ்டேஷன் எதுக்குங்க?" என்று பாய் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அப்பா அந்தப் பாஷையில் செய்தி கேட்கப் பழகிக்கொண்டார்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் நாமக்கல்லில் தங்கி, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு மலைக்குத் திரும்பியிருந்தேன். மலைமேல் எங்கள் செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவின் ஆசை வேறு. திருப்பூரில் அத்தை வீட்டில் தங்கி, பனியன் கம்பெனிக்கு நான் போக வேண்டும். அங்கே செக்கிங் வேலைக்கு அத்தை சொல்லியும் வைத்திருந்தார். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

அந்த நேரம் பார்த்து பாய் மெட்ராஸ் போய்விட்டு வந்தார். ரிச்சி தெருவில் ஆட்கள் மதர்போர்டைக் கத்தரிக்காய் மாதிரி கூடையில் போட்டு விற்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் தன் மண்டிக்கே ஒரு கம்ப்யூட்டரைத் தானே கட்டினார். அதிசயத்திலும் அதிசயமாக அது ஓடியது. அவ்வளவுதான். அதன்பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை.

"டிவிக்கும் டைப்ரைட்டருக்கும் கலியாணம் பண்ணி வெச்சா கம்ப்யூட்டர். வேற ஒரு வித்தையும் இல்ல" என்றார் அப்பாவிடம். "பாப்பாவுக்கு நான் கட்டித் தாரேன். அதுக்கு ஈடா இந்த வருச மிளகை எங்கிட்டப் போடுங்க, போதும்."

"ஏனுங்க பாய், அது நல்லா ஓடுமுங்களா?"

"நீங்க நிறுத்துன்னாலும் நிக்காதுங்க. கேரண்டி!"

எங்கள் மிளகு மலையிலிருந்து இறங்கியது. கம்ப்யூட்டர் மலைமேல் ஏறியது. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பாய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் கேபினெட், கம்பளி போர்த்தியபடி. கண்டக்டர் வந்து பார்த்தார்.

"பாய், இந்தப் பெட்டிக்கு லக்கேஜ் போடோணும்."

"லக்கேஜா? இதுக்கு மூளை இருக்குதுங்க. ஆள் டிக்கெட் போடுங்க."

"அப்ப முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?"

"இப்பத்தானுங்க பொறந்திருக்குது. அரை போடுங்க."

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு'. திறப்பு விழாவுக்கு எங்கள் வாழவந்தி நாட்டு ஆட்கள் மட்டுமல்ல, தேவனூர் நாட்டிலிருந்தும் ஆலத்தூர் நாட்டிலிருந்தும் கூட வந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒற்றை அறை, வாசலில் வாழைமரம். பஞ்சாயத்துத் தலைவர் ரிப்பன் வெட்டினார். கம்ப்யூட்டரை யார் ஆன் செய்வது என்ற பேச்சு வந்தபோது பாய் இடமே கொடுக்கவில்லை. "கட்டுனவன் கையாலதான் போடோணும்" என்று முன்னால் வந்தார். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, கிணற்றடியில் பம்புசெட் ஸ்விட்ச் போடுகிறவர் மாதிரி உறுதியாக அழுத்தி, திரையைப் பார்த்தபடி நின்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மின்விசிறி 'விர்'ரென்று சுற்றியது. திரை லேசாக வெளுத்தது. பிறகு எல்லாம் அணைந்தது.

தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவ்வளவுதானுங்களா?"

பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவ்வளவுதானுங்க!"

கூட்டம் கை தட்டியது. அதற்கு முன்பு கம்ப்யூட்டரைப் பார்த்தவர் அங்கே யார்? "நல்லா இருந்துச்சு. சுருக்காவும் முடிஞ்சுது" என்று ஒரு பெரியவர் கேசரியை வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் பாயைப் பிடித்தேன். அவர் நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே விளக்கு, அதே 'விர்', அதே சாவு.

"வளைவுல சுத்திச் சுத்தி வந்திருக்குதல்ல கண்ணு, தலை சுத்தல். ராத்திரிக்கு ரெஸ்ட் குடு. காலைல நிமிந்துக்கும். கேரண்டி."

காலையில் அவர் சொல்லிக்கொடுத்தபடியே, 'படம் வார வரைக்கும் விடாமல்' அழுத்தினேன். நிமிரவில்லை. நாமக்கல்லில் கோர்ஸ் படித்தபோது எங்கள் சார்தான் எல்லாவற்றையும் ஆன் செய்து வைப்பார். மாணவர்கள் கை பொத்தானில் படக் கூடாது. அதனால் ஆன் செய்வதில் எனக்கு இருந்த ஒரே குரு பாய்தான்.

அடுத்த முறை வந்தபோது கரண்ட் சரியில்லை என்றார். மலையில் வோல்டேஜ் எப்போதும் அழுது வடியும், அதனால் நம்பினோம். ஸ்டெபிலைசர் வந்தது. அணைவது நிற்கவில்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினார். நிற்கவில்லை. ப்ராசஸர் சூடாகிறது என்று அதன் தலைமேல் இருந்த விசிறியைக் கழற்றி, பசை தடவி, திரும்ப மாட்டினார். அப்போதும் நிற்காததால், நோய் நேர் எதிரானது என்று முடிவு செய்தார்.

"கீழ ஊர்ல செஞ்ச மிஷினல்ல கண்ணு, மலைக்குளிர் ஒத்துக்கல."

கம்ப்யூட்டரை வெளியே தூக்கி வெயிலில் வைத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மிளகு காயப் போட்டிருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய் கொடுத்தார்.

பிறகு போர்டு கேபினெட் தகரத்தில் பட்டு ஷாக் அடிக்கிறது என்று சந்தேகம். போர்டையே உருவி அட்டைப் பெட்டிமேல் கிடத்தினார். குடல் வெளியே தொங்குகிற மாதிரி ஒயர்கள். பொத்தானை மட்டும் ஒயரோடு கையில் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தித் திரையைப் பார்த்தார். விளக்கு, 'விர்', சாவு.

"வேற ரேம் இருக்குது கண்ணு, கொண்டாரேன்" என்று போவார். மறுமுறை ரேம் வரும். அதற்கடுத்து ஹார்டு டிஸ்க், அப்புறம் ஒரு மானிட்டரே வந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். நம்பிக்கையை மட்டும் மாற்றவில்லை.

இதற்கிடையில் என்னிடம் சேர்ந்திருந்த ஆறேழு பிள்ளைகள் தினமும் மைல்கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. செத்த கம்ப்யூட்டரின் கீபோர்டை மேசைமேல் வைத்து டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். "இப்ப ஸ்க்ரீன்ல உங்க பேர் வந்துருச்சுன்னு நெனச்சுக்குங்க." ஒரு பெண் நிஜமாகவே திரையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அப்பா என்னைப் பார்த்ததும் அந்தப் புரியாத ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: "திங்கக்கிழமை அத்தை வாரா. துணியெல்லாம் எடுத்து வெச்சுக்க சாமி."

இதைப் பாயிடம் சொன்னது டீக்கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. மண்டியில் வியாபார நாள். பாய் மண்டியை மூடிவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். எல்லாவற்றையும் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்து மாட்டினார். மத்தியானம் சோறு சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அன்று முழுக்க அவர் ஒரு தடவைகூடக் 'கேரண்டி' சொல்லவில்லை.

சாயங்காலம். கீழே போகும் கடைசி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பாய் நெற்றியைத் துடைத்தார். "இன்னொருக்கா பாத்துருவம் கண்ணு" என்று பொத்தானில் விரலை வைத்தார்.

அதே நொடியில் வெளியே ஹாரன். கண்டக்டரின் குரல்: "பாய்! வண்டி எடுத்தாச்சு!"

பாய் பொத்தானை விட்டார், ஸ்க்ரூடிரைவரை விட்டார், ஒரு செருப்பையும் விட்டார். ஓடினார்.

நான் அந்தச் செருப்பை எடுக்கக் குனிந்தேன். முதுகுக்குப் பின்னால் 'பீப்' என்று ஒரு சத்தம். திரும்பினால், திரை முழுக்க வெள்ளை எழுத்து. வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது.

கையில் செருப்போடு ரோட்டில் ஓடினேன். "பாய்! நிக்கலிங்க! நிக்கலிங்க பாய்!"

ஓடும் பஸ்ஸைப் பார்த்து 'நிக்கலிங்க' என்று ஒரு பெண் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் என்ன நினைப்பார்கள்? கண்டக்டர் பதறிப்போய் விசில் அடித்தார். பாய் குதித்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் பஸ்ஸே இறங்கியது, டிரைவர் உட்பட. என் ஒற்றை அறையில் பலாப்பழச் சுளை மாதிரி ஆட்கள் அடைந்தார்கள்.

பாய் திரையைப் பார்த்தார். மார்பு இரண்டு அங்குலம் ஏறியது. "நாந்தான் சொன்னனே!" என்றார். என்ன சொன்னார் என்பது வேறு விஷயம். வந்தவர்களுக்கு முதலிலிருந்து காட்ட வேண்டும் என்று, நான் தடுப்பதற்குள் அணைத்துவிட்டார். மறுபடியும் கட்டைவிரல். உறுதியாக அழுத்தித் திரையைப் பார்த்து நின்றார்.

விளக்கு. 'விர்'. சாவு.

கூட்டம் 'ச்சொச்சொ' என்றது. பாய் திரும்பவும் அழுத்தினார். கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நேரமாச்சு வாங்க பாய்!" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தார். விரல் பொத்தானை விட்டு வந்தது. பாய் இரண்டடி பின்னால் போனார். கம்ப்யூட்டர் ஓடியது.

எனக்கு உறைத்தது. அணைத்தேன். பொத்தானை லேசாகத் தொட்டுவிட்டு விரலை எடுத்தேன், ஓடியது. மறுபடி அணைத்து, பாயைப் போலவே அழுத்திப் பிடித்தேன். நாலைந்து நொடியில் செத்தது. மண்டியில் அவர் கட்டியிருந்தது பழைய மாடல். அதன் பொத்தானை நன்றாக அழுத்தினால்தான் 'டக்'கென்று உள்ளே போய் உட்காரும். என்னுடையது புது மாடல். அதைத் தொட்டால் போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் 'அணை' என்று அர்த்தம். இத்தனை வாரமாக மிஷினை உயிர்ப்பித்ததும் பாய்தான், கழுத்தை நெரித்ததும் பாய்தான்.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். பாய் தன் கட்டைவிரலைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு. பிறகு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா, எவ்வளவு சென்சிட்டிவ்வா கட்டியிருக்கறேன்! அழுத்தவே தேவையில்லீங்க. தொட்டாப் போதும். கேரண்டி!"

பஸ் மொத்தமும் கை தட்டியது. நான்தான் பலமாகத் தட்டினேன்.

திங்கட்கிழமை அத்தை வந்தார். அவர் பெயரைத் திரையில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினேன். வாயைப் பிளந்தார். பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தனியாகவே திருப்பூர் திரும்பினார். சென்டர் நடந்தது.

அடுத்த வாரம் பாய்க்கு நன்றி சொல்ல, அம்மா சுட்ட பணியாரத்தோடு காரவள்ளிக்குப் போனேன். அவர் மூட்டை இறக்க வெளியே போயிருந்தார். மண்டியில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்த மேசையைப் பார்த்தேன். கேபினெட் மூடி இல்லாமல், உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. ரேம் இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை, மானிட்டர் இருந்த இடத்தில் மிளகுச் சாக்கு. மாற்றிப் பார்க்கலாம் என்று வாரா வாரம் மேலே வந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாய் வந்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் கழட்டிக் கொண்டாந்துர்றேனுங்க பாய்" என்றேன்.

"எதுக்கு கண்ணு? ஓடற மிஷின்ல கை வைக்கக் கூடாது. மொளகு நிறுக்கறவனுக்குத் தராசு போதும்." பணியாரம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இரண்டாவதை எடுத்தார். "பிள்ளைங்க ஒழுங்கா வாராங்களா?"

மலையேறும் பஸ்ஸில் முதல் வளைவிலேயே என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா பார்த்துவிட்டு, "தலை சுத்துதா சாமி? இந்தா, மோந்துக்க" என்று மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். வேறென்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன். செம்மேடு வரும்வரை முகர்ந்துகொண்டே வந்தேன்.