துடும்புச் சத்தமும் என் கல்யாணமும்

காதில் ஹெட்போன் மாட்டியவன் பாதிச் செவிடன். தான் கேட்க நினைப்பது மட்டும்தான் அவனுக்குக் கேட்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

யுத்த காலம். சேலத்தில் ஒரு சினிமாக் கம்பெனியில் ஒலிப்பதிவு உதவியாளனாக இருந்தேன். (ஒயர் சுருட்டுகிற வேலை. ஊரில் என்ஜினீயர் என்று சொல்லி வைத்திருந்தேன்.) ராஜா போருக்குக் கிளம்பும் காட்சிக்கு முரசுச் சத்தம் வேண்டும். திருவிழாவிலும் சாவிலும் அடிக்கிற பெரிய துடும்பு ஒன்றைக் கொண்டுவந்தோம். மைக்கைப் பக்கத்தில் வைத்தால் தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருந்தது. தள்ளி வைத்தால் நான்கு சுவரும் சேர்ந்து முழங்கி, எது அடி, எது எதிரொலி என்றே தெரியவில்லை.

"சுவரே இல்லாத இடத்துக்குப் போனால் சரியாகிவிடும்" என்று மேதாவி போலச் சொன்னேன். புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் களத்தையும் நானே சொன்னேன். பதிவு வைத்த அன்று மாலை, எனக்குப் பேசியிருந்த செல்லம்மாளின் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. வாசலில் ஒலிப்பதிவு வண்டி நின்றால் மாப்பிள்ளையின் மதிப்பு ஏறுமே! திருச்செங்கோட்டுத் தேரில் ஒரே ஒருமுறை அவளைப் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வேறு பெண்ணை நினைக்கவே முடியவில்லை.

துடும்பின் தோலைத் தீயில் காய்ச்சினால் சத்தம் கிண்ணென்று ஏறிவிடுகிறது. காய்ச்சாமல் விட்டோம். மைக்கைத் தள்ளி வைத்து, காற்று படாமல் கம்பளியால் தடுத்தோம். வேகமாக அடித்தால் ஒரு அடி அடுத்ததோடு ஒட்டிக்கொண்டது. துடும்புக்காரர் மாரப்பனை நிறுத்தி நிறுத்தி அடிக்கச் சொன்னேன்.

"இது எழவு ஊட்டு அடியாச்சுங்களே" என்றார் அவர்.

"எனக்கும் தெரியுமுங்க. மைக்குக்குத் தெரியாதுல்ல. அடிங்க."

அடித்தார். பூமிக்கடியிலிருந்து வருகிற மாதிரி அப்படி ஒரு நாதம். யோசனை என்னுடையது என்பதால் அன்று ஹெட்போனும் என் காதில்தான்; கண்ணை மூடித் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் வர வேண்டியவர்கள், ராகுகாலத்துக்கு முன்பே படியேறிவிட வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பெண்ணின் மாமா மட்டும் நடந்து வந்து என்னிடம் ஏதோ கேட்டார். பதிவு ஓடுகிறதே! உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். ஹெட்போனைக் கழற்றியபோது வண்டியின் புழுதிகூட அடங்கிவிட்டது.

மறுநாள் அண்ணன் போய் எல்லாவற்றையும் விளக்கினார். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா நல்ல காரியத்துக்குக் கெளம்பி வந்து காதுல உழுந்தது உழுந்ததுதானுங்களே." அடுத்த தையில் செல்லம்மாளை எடப்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துடும்பாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. போட்டுக் கேட்டபோது அருமையான நாதத்துக்கு நடுவே மாமாவின் குரல் கணீரென்று விழுந்திருந்தது: "ஏனுங்க, ஊட்டுல யாருங்க தவறிட்டாங்க?"

பிறகு நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இன்றைக்கும் பிள்ளைகள் சத்தம் போட்டால் பழக்கதோஷத்தில் விரல் என் உதட்டுக்குப் போய்விடும். உடனே அண்ணன் மகன் கேட்பான்: "ஏனுங்க, ஊட்டுல யாருங்க தவறிட்டாங்க?"

"நம்ம சித்தப்பன் சம்சாரமுங்க" என்பாள் அவன் தங்கை.

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.