தீவில் நான் ஜெயித்த பின்னறை

"நாளைக்குத் தீவு! நாள் முழுக்க நடை! வழிகாட்டி நான்!" என்று சனிக்கிழமை மாலை முழங்கினேன்.

பின்னறைக்காக எனக்கும் மனைவிக்கும் ஆறு மாதமாகப் போர். அவளுக்குத் தையல் மெஷின் போட வேண்டும். எனக்கு நிம்மதியாகப் பேப்பர் படிக்க வேண்டும். தீவுக்குப் போனால் ஒரு தீர்வு வரும் என்று நம்பினேன்.

ஏழு மணிக்கு பஸ். ஒன்பதுக்குப் படகு. படகில் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஆளுக்கொரு பாதையில போவோங்க. கலங்கரை விளக்கத்துக்கு முதல்ல வர்றவங்களுக்குப் பின்னறை."

"தோத்துட்டு அழக் கூடாது."

"அழ மாட்டேங்க."

தீவில் பாதை பிரிந்த இடத்தில் அவள் இடது, நான் வலது. அரை மணியில் என் பாதை ஒரு வேலியில் முட்டிக்கொண்டது. தாண்டினேன். ஒரு ஆடு முறைத்தது. குன்றைச் சுற்றினேன். அதே ஆடு. திரும்பி நடந்தேன். மறுபடியும் ஆடு! இந்தத் தடவை முறைக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தது. கடல் முதலில் இடப்பக்கம் இருந்தது. பிறகு வலப்பக்கம். பிறகு எல்லாப் பக்கமும். கலங்கரை விளக்கம் கிடைக்கவில்லை, கலக்கம்தான் கிடைத்தது.

களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் வழி கேட்டேன்.

"எந்தப் பக்கமிருந்து வர்றீங்க?"

"அது தெரிஞ்சா உங்களை ஏங்க கேக்கறேன்?"

"அட, தொப்பிக்காரர்! தொப்பி போட்ட ஒருத்தர் தப்பாப் போவார், இந்தப் பக்கம் திருப்பி விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"யாரு?"

அந்தம்மாள் சிரித்துக்கொண்டே கலங்கரை விளக்கத்துக்கு வழி காட்டினாள். சுற்றுலாத் துறையின் ஏற்பாடு போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன்.

கலங்கரை விளக்கத்தடியில் ஈ காக்கை இல்லை. ஜெயித்துவிட்டேன்! கால் மணி கழித்து மனைவி வந்தாள். முகத்தில் வியர்வை இல்லை. செருப்பில் தூசி இல்லை.

"ஐயோ, தோத்துட்டேனே! பின்னறை உங்களுக்குத்தாங்க."

தோற்றவள் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தாள். ஜெயித்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால், காற்றோட்டமான ஹாலில் என் சாய்வு நாற்காலியைக் காணோம். அங்கே இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, நிலைக்கண்ணாடி. ஜன்னலே இல்லாத பின்னறைக்குள் மச்சினன் என் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"நீங்க ஜெயிச்ச ரூம்தானே மாமா?"

"நான் ஜெயிச்சது உனக்கு எப்படிடா தெரியும்?"

"காலையில நீங்க பஸ் ஏறினப்பவே அக்கா போன்ல சொல்லிட்டாங்களே!"