கிரேனியாவின் அப்பா ஓடிய கதை

ஒரு காட்டில், நம்ம ஊர்க் காடு இல்லை, பழைய கிரேக்க தேசத்துக் காடு, கிரேனியா என்று ஒரு நீர்மங்கை இருந்தாள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஓர் ஊற்று. அண்டா அளவுதான் இருக்கும். ஆனால் நீர்மங்கைகளின் பிறவி அப்படி, ஊற்று போனால் உயிரும் போச்சு.

அந்தக் காட்டுக்கு ராஜா என்னவோ சிங்கம்தான். கையெழுத்துப் போடுவது மட்டும் நாரை. அந்த நாரை ஒருநாள் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டியது: 'தகப்பன் பெயரில் தண்ணீர் உள்ள பெண்களுக்குத் தனி ஊற்று கிடையாது. அத்தகைய ஊற்றுகள் காட்டுப்பன்றியார் புரள்வதற்கு ஒதுக்கப்படும்.'

கிரேனியா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் அப்பா யார் தெரியுமா? ஓக்கியானோஸ்! உலகத்தையே வளைத்துக்கொண்டு ஓடுகிற மகாநதி. இருக்கிற தண்ணீரெல்லாம் அவர் பேரில்தான். கூடப்பிறந்தவர்கள் அக்கா தங்கை மூவாயிரம், அண்ணன் தம்பி மூவாயிரம். அத்தனை பேரும் தண்ணீர்க்காரர்கள். இந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள், பாவம்?

இருந்தாலும் போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றது ஆமை, அதனால் வரிசை நகரவே இல்லை. பின்னால் நின்ற காட்டுப்பன்றி, இப்போதே புரளத் தொடங்கிவிட்ட சந்தோஷத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக அவள் முறை வந்தது.

"விரலை வை," என்றது நாரை.

வைத்தாள். கைரேகை இயந்திரம் 'கீ'யென்று கத்தியது.

"ஈரமா இருக்கு. துடைச்சிட்டு வைம்மா."

"துடைச்சா விரலே இருக்காதுங்க ஐயா. நானே தண்ணிதான்."

"ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றீங்க. சரி, அப்பா இருக்காரா?"

கிரேனியாவுக்குப் பொய் வராது. "இருக்காருங்க," என்றாள்.

"எங்கே?"

"ஓடிக்கிட்டிருக்காரு."

நாரையின் பேனா நின்றது. "எத்தனை நாளா?"

"உலகம் உண்டானதிலேருந்து."

"அம்மா?"

"வீட்டுலதான். ஆறாயிரம் பிள்ளைங்க."

"ஆறாயிரம் பிள்ளைங்களைக் கையில கொடுத்துட்டா ஓடிட்டான்? அண்ணன் தம்பி யாராவது?"

"மூவாயிரம் பேருங்க. அவங்களும் ஓடுறாங்க."

"அடப்பாவிகளா!"

வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. வேலை முடிந்தும் இன்னும் வாசலைத் தாண்டாத ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாரை எழுதியது: 'தகப்பன் ஓடிப்போனார். ஆதரவற்ற பெண். ஊற்று வழங்கலாம்.'

எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள் கிரேனியா. ஊற்று ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது.

காட்டில் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? நாரை முத்திரையைக் கையில் எடுப்பதற்குள், தாடியெல்லாம் நுரையாக ஓக்கியானோஸே கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"எவன்டா என்னை ஓடிப்போனவன்னு எழுதினது? இதோ நிக்கிறேன் பாரு! சொல்லும்மா கிரேனியா!"

"அப்பன் வந்தாச்சு, ஊற்று எனக்கு!" என்று பன்றி துள்ளியது.

நாரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டது. "ஏம்மா, இவர்தான் உங்கப்பாவா?"

கிரேனியா அப்பாவைப் பார்த்தாள். பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. பிறந்ததிலிருந்து வராத பொய் அன்றைக்கு வந்தது.

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

கிழவருக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. திரும்பியவர் கண்ணில் சுவரிலிருந்த அறிவிப்பு பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார். மகளை ஒருமுறை பார்த்தார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆமையைத் தாண்டி, வாசல் வழியாக ஒரே ஓட்டம்.

"பாருங்க, என் கண்ணு முன்னாலயே ஓடுறான்!" என்று நாரை முத்திரையை ஓங்கிக் குத்தியது.

நீதி: நல்ல அப்பா பிள்ளையை விட்டு ஒருநாளும் ஓடமாட்டார், ஓடினால் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கும் என்று தெரிகிறவரை.