ஈரல் பார்க்கும் சட்டி

ராகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போன மாதம் ஒரு சாமி வந்து இறங்கினார். வேனில்தான். கூடவே பேனரும் வந்தது: 'வைரவன் சாமிகள். கர்ப்பிணிகளின் ஈரல் நோயை முன்கூட்டியே சொல்லும் தெய்வீக பயோமார்க்கர்.' கடைசிச் சொல் யாருக்கும் புரியவில்லை. அதனால்தான் கூட்டம் அப்படி.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளைச் சாமியின் காலடியில் வைத்துவிட வேண்டும். பிறகு வெள்ளைச் சட்டியில் உள்ள தீர்த்தத்தில் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் கறுத்தால் ஈரல் கெட்டது, தாயத்து. கறுக்காவிட்டால் ஈரல் தங்கம், தட்சணையோடு சரி. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த அத்தனை பேருக்கும் கறுத்தது. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் மகளுக்குக் கறுக்கவில்லை. "படிச்சவங்க ஈரலே தனி" என்று வியந்தார்கள்.

அடுத்த வீட்டுச் சுலக்ஷனாவுக்கு எட்டாம் மாதம். வேலைக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. உள்ளங்கையும் காலும் ஓயாத அரிப்பு. லயத்தில் இடையில் ஒரே சுவர்தானே, சொறிவது எனக்கே கேட்கும். கண்ணிலும் மஞ்சள். மருத்துவிச்சி ரிஸ்லா, உடனே நுவரெலியாவுக்குப் போய் இரத்தத்தில் பித்த அமிலம் பார்க்கச் சொல்லியிருந்தார். அது ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாம். மாமியார் ஜெயலெட்சுமியோ மருமகளைச் சாமியிடம் இழுத்து வந்தார். தண்ணீர் கறுக்கவில்லை.

"ஈரல் தங்கம். ஆஸ்பத்திரி வேணாம்" என்றார் சாமி.

"கேட்டுக்கிட்டீங்களா மிஸ்?" ரிஸ்லாவிடம் கேட்ட ஜெயலெட்சுமிக்கு முகமெல்லாம் பல்.

கிளினிக்குக்கு ஆள் வராததால் அங்கேயே தேடி வந்திருந்த ரிஸ்லா, சாமியின் காலடியைப் பார்த்தார்.

"நேத்து வச்ச மாத்திரையெல்லாம் எங்க சாமி?"

"கங்கையில கரைச்சாச்சும்மா."

"எந்தக் கங்கை, இந்தச் சட்டியா?"

ரிஸ்லா என் கையிலிருந்த பிளேன்டீயை வாங்கிச் சட்டியில் ஊற்றினார். மையாய்க் கறுத்தது.

"சாமி, இந்தத் தேத்தண்ணிக்கு எத்தனாவது மாசம்?"

முதலில் சிரித்தது சுலக்ஷனாதான்.

"இரும்பு மாத்திரைய தேத்தண்ணியோட குடிக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றார் ரிஸ்லா. "ரெண்டும் சேந்தா கறுக்கும். சட்டியில கரைச்சிருக்கிறது அந்த மாத்திரைதான். உங்க கையில இருக்கிறது கொழுந்துச் சாயம். ஒரு மாசமா கொழுந்தெடுக்க மலைக்குப் போகாத கையில சாயம் ஏது?"

ஜெயலெட்சுமி மருமகளின் பையைத் தூக்கினார். சாமியின் வேனிலேயே சுலக்ஷனாவை ஏற்றினோம். சாமி பேனரைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பித்த அமிலம் எக்கச்சக்கமாம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் முன்னதாகவே பிள்ளையை எடுத்தார்கள். பெண். இப்போது சுவர் வழியே சொறிகிற சத்தம் இல்லை, அழுகைதான். எனக்குத் தூக்கம் போனது போனதுதான்.

அந்தப் பேனர்ச் சொல்லுக்கு அர்த்தமும் தெரிந்துவிட்டது: இரத்தம் முன்கூட்டியே சொல்லும் சேதி. அதை இரத்தத்திடம் கேட்க வேண்டும். சட்டியிடம் கேட்டால் பிளேன்டீயும் பிள்ளைத்தாச்சிதான். யார் காலடியிலும் எதை வேண்டுமானாலும் வையுங்கள், மூளையை மட்டும் வைத்துவிட்டு வராதீர்கள். அதைக் கரைத்து யாருக்குத் தீர்த்தம் கொடுப்பார்களோ.