ரகசியம் காத்த மாப்பிள்ளை

"ஜன்னலைச் சாத்துய்யா!" என்றார் சூப்பிரண்டு ராஜப்பன்.

பிரபாகர் சாத்தினான். எதிர்க் கொட்டகையில் கல்தச்சர் சவரி கல்லில் எழுத்துக் கொத்தும் டொக் டொக் சத்தம் கொஞ்சம் அடங்கியது. மின்விசிறி வேறு ஓடவில்லை. இருவருக்கும் வேர்த்து ஊற்றியது.

"தக்காளிக் கிடங்கு பாலக்கோட்டுக்கா, பாப்பாரப்பட்டிக்கான்னு மந்திரிசபைக்குப் போற குறிப்பு இது. டைப் அடிச்சது நீ, சரிபார்த்தது நான். மந்திரிங்க கூடி முடிவு பண்றதுக்குள்ள 'பாலக்கோடு'ன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சாலும் சஸ்பென்ஷன்தான்."

"உங்களுக்குங்களா சார்?"

"உனக்குய்யா. எனக்கு வருத்தமா இருக்கும்."

வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. பிரபாகர் வாயைப் பூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மனைவி சசிகலா. "ஏனுங்க, கிடங்கு எங்க வருதாம்? பக்கத்துல ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடணும்னு எங்கண்ணன் கேக்குது."

அவன் பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. சாம்பாரில் உப்பில்லை, அதைக்கூடச் சொல்லவில்லை.

"உப்பில்லாத சாம்பாரை நீங்க சத்தமில்லாம சாப்புடறீங்கன்னா விஷயம் பெருசு. பாலக்கோடுதானே?"

"பாப்பாரப்பட்டி!" என்று கத்திவிட்டான். பொய்யைச் சொன்னால் ரகசியம் எப்படிப் போகும்? அப்பேர்ப்பட்ட மூளை!

மறுநாளே மச்சான் முருகன் பாப்பாரப்பட்டிக்குப் போய், ஆடுகூட எட்டிப் பார்க்காத ஒரு கல்லாங்காட்டை விலை பேசிவிட்டார். சேதி பிரபாகருக்கு வந்தது. கட்டிய பெண்டாட்டியின் அண்ணன் தன் பொய்யால் தெருவுக்கு வந்தால், வீட்டில் சோறு கிடைக்குமா? போனை எடுத்தான்.

"மச்சான், அந்தக் காடு வேண்டாமுங்க."

"ஏன் மாப்ள?"

"ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"அப்ப பாலக்கோடா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க!"

"நீங்க எங்க சொன்னீங்க? வாயே தொறக்கலைன்னுதான் ஊர் பூராச் சொல்லுவேன், போதுமா?"

முருகன் சொன்ன சொல் தவறாத ஆள். சாயங்காலமே பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. பிரபாகரின் கல்யாணப் போட்டோ. கீழே கொட்டை எழுத்தில், 'கடைசி வரை ரகசியம் காத்த பாலக்கோட்டு மாப்பிள்ளைக்கு நன்றி!' சரவெடி வேறு.

காலையில் ராஜப்பன் தன் போனில் அந்தப் படத்தைக் காட்டிக் குதித்தார். "மந்திரிசபை ரகசியத்துக்கு பேனரா வெக்கிற? சாயங்காலம் உன் கைக்கு ஆர்டர் வரும், போய்யா வெளியில!"

பிரபாகர் வெளியே வந்தான். எதிர்க் கொட்டகைக்குள் நுழைந்து, சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அழுதேவிட்டான், பாவம்.

"சார், சார், எந்திரிங்க! அது மந்திரி கல்லு!" சவரி ஓடிவந்து சாக்கை இழுத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

பளபளவென்ற கறுப்புக் கல். 'பாலக்கோடு தக்காளிக் கிடங்கு அடிக்கல் நாட்டு விழா.' அடியில் ஒரு வரி மட்டும் காலி.

பிரபாகருக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. "இதை... எப்பக் கொடுத்தாங்க?"

"போன மாசமே உங்க ராஜப்பன் சாரு கொடுத்துட்டாருங்க. மந்திரிசபை இன்னும் முடிவு பண்ணலியாமே, அதனால தேதியை மட்டும் ரகசியமா வெச்சிருக்கோம்."