கத்தல் அண்ணனின் அமைதியான ஒன்பது பாட்டு

அஜ்மானில் நின்று ஒரு மனிதர் கத்தினால் துபாயில் கேட்குமா என்று யாராவது கேட்டால், கேட்கும் என்று சத்தியம் செய்ய நான் தயார். அந்த மனிதருக்குப் பெயர் கத்தல் அண்ணன். விசாவில் வேறு பெயர் இருக்கும். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. எங்கள் கட்டிடத்தின் பெஷாவர்க்கார வாட்ச்மேன்கூட அவரை ‘கத்தல் பாய்’ என்றுதான் கூப்பிடுவார்.

இளமையில் அவர் சென்னையில் பங்க் ராக் பாடகர். பங்க் ராக் கேட்டிராத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம்: தெருக்குழாய்ச் சண்டையை மேடையேற்றி, பின்னால் ஒருவரை டிரம்ஸ் அடிக்கவிட்டால் கிட்டத்தட்ட அதுதான். அவருடைய குழுவுக்குப் பெயர் ‘ஹவுஸ் ஓனர்’. அவர்களுடைய பிரபலமான பாட்டு தண்ணீர் லாரியைப் பற்றியது. மொத்தப் பாட்டுக்கும் ஒரே வார்த்தை, ‘வரல’. ஒரு கல்லூரி விழாவில் இவர் அதைக் கத்திய வேகத்தில் பிரின்சிபால் அரண்டுபோய் நிஜமாகவே தண்ணீர் லாரிக்குப் போன் செய்துவிட்டாராம். சொன்னது கத்தல் அண்ணன்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எனக்கு அவர் வாய்த்தது கார் லிஃப்டில். அஜ்மானில் வாடகை குறைவு, வேலையோ துபாயில். அதனால் ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே காரில் தொற்றிக்கொள்வது இங்கே வழக்கம். காரும் ஸ்டியரிங்கும் கத்தல் அண்ணனுடையவை. பக்கத்தில் நான். பின்சீட்டில் இரண்டு பேர்: ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்த திருநெல்வேலி கோமதி அக்கா, ஏசி மெக்கானிக் புதுக்கோட்டை செல்வம்.

ஒருநாள் காலை, ஷார்ஜா நெரிசலில் கார் அசையாமல் நின்றபோது கத்தல் அண்ணன் அறிவித்தார்.

“இனிமே நான் கத்தப்போறதில்ல. சோலோ ஆல்பம் பண்றேன். ஒம்போது பாட்டு. எல்லாமே மெலடி.”

கோமதி அக்கா பதறிப்போனார். “ஏன் அண்ணாச்சி, தொண்டைக்கு எதுவும் செய்யுதா?”

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரிக்காக.”

அண்ணி சென்னையில் கணக்கு டீச்சர். பெரிய லீவுக்கு மட்டும் விசிட் விசாவில் இங்கே வருவார். “எங்க ரிசப்ஷன்லயே பாடுனேன்பா. மைக் செட் ரிப்பேர்னு நெனச்சு, மேடைய வுட்டு எறங்கி, ஆளக் கூட்டிட்டு வரப் போயிட்டா. கல்யாணப் பொண்ணு. இருபது வருஷமாச்சு, என் பாட்டு ஒண்ணக்கூட அவ கடைசி வரைக்கும் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவ முழுசாக் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு” என்றார். இதை மட்டும் அவர் கத்தாமல் சொன்னார். அப்படிப் பேசவும் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மெட்டுக்கு ஆள் இருந்தார். ‘ஹவுஸ் ஓனர்’ குழுவில் டிரம்ஸைக் காலால் உதைத்து வாசித்த நண்பர், இப்போது கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு. சென்னையிலிருந்து புல்லாங்குழலும் வீணையுமாக இழைத்து அனுப்பினார். பாடத்தான் இடமில்லை. அஜ்மான் ரூமில் பக்கத்துச் சுவர்க்காரர்கள் ஏற்கெனவே கத்தல் அண்ணன்மேல் கொலைவெறியில் இருந்தார்கள். கடைசியில், துபாயில் அவருடைய ஆபீஸின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், சாயங்காலம் டியூட்டி முடிந்ததும், காருக்குள்ளேயே ரெக்கார்டிங் என்று முடிவாயிற்று. அந்தக் காரில்தானே நாங்களும் வீட்டுக்குப் போயாக வேண்டும். மாட்டிக்கொண்டோம்.

மாதம் ஆகஸ்ட். கண்ணாடிகள் ஏற்றப்பட்டன. ஏசி சத்தம் பதிவாகும் என்று ஏசி அணைக்கப்பட்டது. கத்தல் அண்ணன் ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போனில் சொருகிய குட்டி மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டார்.

“பல்லவி முடியற வரைக்கும் யாரும் மூச்சு வுடக்கூடாது. அனுபல்லவில வுட்டுக்கலாம்.”

செல்வத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “அண்ணே, நான் நாள் பூரா ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிட்டு வர்றேன்ணே. எனக்கு இந்தக் கதியா?”

ஒருநாள் பதினேழாவது டேக் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பார்க்கிங் செக்யூரிட்டி எங்களைப் பார்த்துவிட்டார். மூடிய காருக்குள் மூன்று பேர் குளித்தெழுந்த கோலத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஓட்டுநர் கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தால் பாவம் அவர்தான் என்ன நினைப்பார். கண்ணாடியைத் தட்டோ தட்டென்று தட்டி, “பாய், சப் டீக் ஹை?” என்று எல்லாம் நலம்தானா என இந்தியில் விசாரித்தார். கத்தல் அண்ணன் கம்பளியை உதறிவிட்டு ஒரு கத்து கத்தினார் பாருங்கள், இரண்டு மாடி பார்க்கிங்கிலும் இருந்த கார் அலாரமெல்லாம் ஒன்றாக அலற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் சென்னையிலிருந்து கீபோர்டு நண்பர் போன் செய்து, அந்த டேக்கையே வைத்துக்கொள்ளலாம், தபேலா பிரமாதம், வாசித்தது யார் என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மெருகேற்றல். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஒன்பது பாட்டையும் கேட்டுக் கேட்டு நாங்கள் சங்கீத வித்வான்களாகிவிட்டோம். “அண்ணாச்சி, ஏழாவது பாட்டுல அந்தப் புல்லாங்குழல கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க, மூக்கடைச்ச மாதிரி இருக்கு” என்று கோமதி அக்கா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொல்வார். புல்லாங்குழல் அடங்கும்.

மே மாதம் அண்ணி வந்தார். வந்த முதல் சனிக்கிழமை, மலை பார்க்கலாம் என்று ராஸ் அல் கைமாவுக்குப் பயணம். “நீங்க மூணு பேரும் வந்தே ஆவணும். தனியா என்னால முடியாது” என்று கத்தல் அண்ணன் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். முன்சீட்டில் அண்ணி. யார் பாடியது என்று சொல்லாமல் கத்தல் அண்ணன் ஆல்பத்தைப் போட்டார்.

முதல் பாட்டின் பாதியில் அண்ணி கைப்பையிலிருந்து ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்தார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று செல்வம் என் தொடையைக் கிள்ளினான். அண்ணி அதைப் பிரிக்கப் போனார், கவர் சரசரத்தது, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். இரண்டாவது பாட்டு. ஐந்தாவது. நாங்கள் மூவரும் மூச்சை எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. அதில்தான் எங்களுக்குப் பழக்கம் இருந்ததே. சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போகும் மலைச்சாலையில் ஒன்பதாவது பாட்டு முடிந்தது.

“நல்லாருக்கு” என்றார் அண்ணி. “யாரு பாடினது?”

கத்தல் அண்ணன் முன்னால் போன லாரியையே பார்த்துக்கொண்டு சொன்னார். “யாரோ... புதுப் பையன்.”

மலையில் அவரைத் தனியே ஓரங்கட்டி, ஏனண்ணே இப்படிச் சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டோம். “நான்தான்னு சொல்லி, நல்லாருக்குன்னு சொன்னத அவ வாபஸ் வாங்கிட்டான்னா இன்னாபா பண்றது?” என்றார். யாரும் உளறக்கூடாது என்று எங்களிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் வந்த வாரங்கள் பெரும் கூத்து. “அந்தப் பையன் பாட்டப் போடுங்க” என்பார் அண்ணி. “எவ்வளவு பதவிசா பாடுறான். கல்யாணமாயிருச்சா அவனுக்கு?” கத்தல் அண்ணன் கொதித்துப்போய், “ஒண்ணும் பெரிய பாடகன் இல்ல. நாலாவது பாட்டுல ஸ்ருதி வுட்டுட்டான்” என்று தன்னைத்தானே மட்டம் தட்டுவார். “உங்களுக்குப் பொறாமை” என்பார் அண்ணி.

அண்ணி ஊருக்குத் திரும்பிய நாளில் ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். கத்தல் அண்ணன் டிராலி எடுக்கப் போன சமயத்தில், “அந்தப் பையன் பாட்டெல்லாம் போன்ல ஏத்திக்கிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

“எந்தப் பையன்? சும்மா இருங்க தம்பி” என்று சிரித்தார். “இருபது வருஷமா பக்கத்துல மூச்சு விடுற மனுஷன். முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டியிருந்தா, வரிக்கு வரி எப்படியிருக்கு எப்படியிருக்குன்னு கேட்டே என்னைக் கேட்கவிடாம பண்ணியிருப்பார்.”

“அப்போ கடைசியில ஏன் யாருன்னு கேட்டீங்க?”

“நான்தான்னு வாய்விட்டுச் சொல்வார்னு பார்த்தேன். பையன்னுட்டார்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சொல்லிடாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறாமைப்படட்டும்.”

அண்ணனுக்குச் செய்த சத்தியத்தையும் அண்ணி கேட்டுக்கொண்டதையும் இத்தனை நாள் காப்பாற்றினேன். ஆனால் கத்தல் அண்ணன் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவர். இந்தப் பக்கத்தையும் படிப்பார். அண்ணே, அண்ணி முழுசாக் கேட்டாங்க. நீங்கதான்னு தெரிஞ்சேதான் கேட்டாங்க.